விவசாய கேம்களில் செல்லப்பிராணி ஏன் இவ்வளவு பிடிக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரு கக்கதாசபுராவில் வாடகை வீடு, ஒயிட்ஃபீல்டில் வேலை, சொந்த ஊர் தர்மபுரி மாவட்டத்தில் பாலக்கோடு பக்கம். ஏழு வருடமாக விவசாய கேம்கள் ஆடுகிறேன். அபார்ட்மென்ட்டில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள், ஆபீஸ் நண்பர்கள், ஊரில் இருக்கும் சொந்தக்காரர்கள் என்று பலரும் என்னிடம் கேட்பதில் பாதிக்கு மேல் கேமில் வரும் நாய், பூனையைப் பற்றித்தான். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். நான் அதிகம் ஆடியது ஸ்டார்டியூ வேலி என்பதால் உதாரணங்களும் அதிலிருந்தே அதிகம் வரும்.

விவசாய கேம் என்றால் என்ன?

ஒரு சின்ன நிலம் கையில் கிடைக்கும். உழுது, விதைத்து, தண்ணீர் பாய்ச்சி, அறுத்து, விற்று, அந்தப் பணத்தில் கோழி, மாடு வாங்கிப் பண்ணையைப் பெருக்க வேண்டும். பெரும்பாலான கேம்களில் சண்டை கொஞ்சம்தான், சிலவற்றில் அறவே கிடையாது. கூடவே ஒரு நாயோ பூனையோ வரும். கோழியும் மாடும் பண்ணைக் கால்நடை, இது வீட்டுப் பிராணி. கேம் இரண்டையும் தனித்தனியாகத்தான் வைத்திருக்கும்.

பால் தராது, முட்டை போடாது. பிறகு எதற்கு அந்த நாய்?

என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான். ஸ்டார்டியூ வேலியில் எல்லாவற்றுக்கும் விலை உண்டு. பார்ஸ்னிப் என்ற கிழங்கின் விதை 20 காசு, நான்கு நாளில் விளையும், 35 காசுக்குப் போகும். காலிஃபிளவர் விதை 80, பன்னிரண்டு நாள் காத்திருந்தால் 175. ஒரு கோழி 800, அது போடும் சாதா முட்டை 50. கொஞ்ச நாள் ஆடினாலே மனம் கணக்குப் பிள்ளையாக மாறிவிடும். இந்தப் பாத்தியில் இதைப் போட்டால் எத்தனை அறுப்பு வரும், மழை பெய்தால் எத்தனை வாளி தண்ணீர் மிச்சம் என்று ஓடிக்கொண்டே இருக்கும்.

காலை ஆறு மணிக்கு கேமில் கதவைத் திறந்தால் வாசலில் அந்த நாய் உட்கார்ந்திருக்கும். கிட்டே போய்த் தடவிக்கொடுத்தால் தலைக்கு மேல் ஒரு சின்ன இதயம் தோன்றி மறையும். அவ்வளவுதான், பணம் ஏறாது. அப்படியிருந்தும் தண்ணீர் பாய்ச்சக்கூடப் போகாமல் முதலில் அதனிடம்தான் போகிறோம். நான் மட்டுமில்லை, எனக்குத் தெரிந்து இந்த கேமை ஆடுகிற எல்லோரும் அப்படித்தான்.

எங்கள் வீட்டில் அப்பா ஒரு கணக்கு நோட்டு வைத்திருந்தார். தக்காளி எத்தனை பெட்டி மண்டிக்குப் போனது, பறிப்புக் கூலி எவ்வளவு, சொசைட்டிக்கு எத்தனை லிட்டர் பால், ஆடு சந்தையில் என்ன விலைக்குப் போனது, எல்லாம் அதில் இருக்கும். தக்காளி விலை விழுந்து பறிப்புக் கூலிக்கே கட்டாமல் போன வருடங்களும் அதில் இருக்கின்றன. மணி என்ற எங்கள் நாயைப் பற்றி அந்த நோட்டில் ஒரு வரி கிடையாது. பதின்மூன்று வருடம் எங்களோடு இருந்தது, ஒரு நாளும் அதற்கு வரவு செலவு எழுதப்படவில்லை. பண்ணையில் லாப நஷ்டத்துக்கு வெளியே இருந்த ஒரே உயிர் அது. கேமில் வரும் நாயும் அதே இடத்தில் இருக்கிறது. விளைச்சல் பொய்த்த நாளிலும் அதன் தலைக்கு மேல் அதே இதயம்தான் வரும். இந்த ஈர்ப்புக்கு எனக்குத் தெரிந்த பெரிய காரணம் இதுவே.

2024 மார்ச்சில் வந்த 1.6 பதிப்புக்குப் பிறகு, நன்றாகப் பழகிய நாயோ பூனையோ எப்போதாவது ஒரு பொருளைக் கொண்டுவந்து தரும். அது வரும்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை நம்பி யாரும் பண்ணை நடத்த முடியாது. அந்த அளவில் விட்டது நல்லது என்று நினைக்கிறேன்.

இதை முதலில் கொண்டுவந்தது யார்?

யசுஹிரோ வாடா என்ற ஜப்பானியர். மியாசாகி என்ற கிராமப்புறப் பகுதியில் வளர்ந்து, வேலைக்காக டோக்கியோ போனவர். ஊரில் இருந்தபோது சலிப்பாகத் தெரிந்த வாழ்க்கை, நகரத்துக்கு வந்த பிறகு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்திருக்கிறது. அதிலிருந்து பிறந்ததுதான் 1996இல் சூப்பர் ஃபேமிகாம் என்ற கேம் கருவியில் வந்த போகுஜோ மோனோகதாரி. பண்ணைக் கதை என்று பொருள். வெளிநாடுகளில் ஹார்வெஸ்ட் மூன் என்ற பெயரில் போனது. அந்த முதல் கேமிலேயே நாய் உண்டு, அதைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்கலாம்.

அந்த கேம்களை ஆடி வளர்ந்த எரிக் பரோன் என்ற அமெரிக்கர் நான்கரை வருடம் தனி ஆளாக உட்கார்ந்து, படம், இசை, கதை எல்லாவற்றையும் தானே செய்து 2016 பிப்ரவரியில் வெளியிட்டதுதான் ஸ்டார்டியூ வேலி. இன்றைக்கு 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. ஊரை விட்டு நகரத்துக்கு வந்தவர் தொடங்கிய வகை கேம் இது என்று தெரிந்த நாளில், பாலக்கோட்டிலிருந்து பஸ் ஏறி வந்த எனக்கு இது ஏன் இவ்வளவு ஒட்டிக்கொண்டது என்பதும் புரிந்தது.

ஸ்டார்டியூ வேலியில் நாய் எப்படிக் கிடைக்கும்? என்ன செய்ய வேண்டும்?

கேம் தொடங்கும்போதே நாயா பூனையா, எந்த நிறம் என்று தேர்ந்தெடுத்துவிடுவோம். முதல் வசந்த காலத்தில் ஒரு நாள் காலையில், கால்நடை விற்கும் மார்னி என்ற பக்கத்துப் பண்ணை அம்மா அதைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வருவார். இது உங்கள் பண்ணையைச் சுற்றித் திரிகிறது, வைத்துக்கொள்கிறீர்களா என்று கேட்பார். சரி என்றால் பெயர் வைக்கலாம், காசு கிடையாது.

தினமும் ஒரு முறை தடவிக்கொடுக்க வேண்டும். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கிண்ணத்தில், செடிக்கு ஊற்றும் பூவாளியாலேயே தண்ணீர் நிரப்ப வேண்டும். தடவினால் 12 புள்ளி, தண்ணீருக்கு 6 புள்ளி, மொத்தம் 1000 சேர்ந்தால் நட்பு முழுமையாகிவிடும். இரண்டையும் தவறாமல் செய்தால் 56 நாள், அதாவது கேமில் இரண்டு பருவம் ஆகும். தடவ மட்டும் செய்தால் 84 நாள், மூன்று பருவம். முழு நட்பு வந்த பிறகு மார்னியிடம் விலை கொடுத்து மேலும் நாய், பூனை, ஆமைகூட வாங்கலாம். நாய்க்கும் பூனைக்கும் தொப்பி போட்டுவிடலாம்.

கேமில் அதற்கு மதிப்பெண் ஏதாவது உண்டா?

உண்டு, ஒரே ஒரு புள்ளி. பண்ணை நமக்கு வருவது இறந்துபோன தாத்தாவிடமிருந்து. மூன்றாம் வருடத் தொடக்கத்தில் அவருடைய ஆவி வந்து நாம் எப்படி வாழ்ந்தோம் என்று பார்க்கும். மொத்தம் 21 புள்ளி. 12 எடுத்தாலே சமாதியில் நான்கு மெழுகுவத்திகளும் எரியும். பணம் சம்பாதித்ததற்கு அதிகபட்சம் 7 புள்ளி. மீதியில் கல்யாணம், நண்பர்கள் என்று பல இருக்க, நாயோ பூனையோ நம்மை நேசிக்கிறதா என்பதற்கு ஒன்று. அந்த ஒரு புள்ளி இல்லாமலும் 12 எடுத்துவிடலாம். ஆனாலும் பேரன் நாயைப் பார்த்துக்கொண்டானா என்று விசாரிக்கிற தாத்தாவைக் கேமுக்குள் வைத்த அந்த எண்ணம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

நாலு நாள் ஆடாமல் விட்டால் செத்துவிடுமா?

சாகாது. கேமை மூடினால் அதன் உலகமும் நின்றுவிடும், திரும்பத் திறக்கும்போது விட்ட இடத்தில் இருக்கும். கேமுக்குள்ளேயே தண்ணீர் வைக்க மறந்தாலும் அன்றைய புள்ளி கிடைக்காது, அவ்வளவுதான்.

1996 கடைசியில் பாண்டாய் கம்பெனி வெளியிட்ட தமகோச்சி இதற்கு நேர் எதிர். சாவிக்கொத்து அளவு பொம்மை, உள்ளே ஒரு பிராணி, நேரத்துக்குச் சோறு போடாவிட்டால் செத்துப்போகும். குழந்தைகள் அதைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய் வகுப்பில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே பயம் கட்டிப்போட்டது. ஸ்டார்டியூவில் அந்தப் பயமே இல்லை. வேலை அதிகமாகி ஒரு மாதம் பக்கமே போகாமல் இருந்துவிட்டுத் திறந்தாலும் குற்ற உணர்வு வராது. மாதக் கடைசியில் ரிலீஸ் வேலை இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

நாயா, பூனையா? எது நல்லது?

கேமில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் எது வளர்ந்ததோ அதை எடுங்கள்.

ஊரில் நிஜ நாய் வளர்த்த எனக்கு இது போலியாகத் தெரிகிறது. உங்களுக்கு இல்லையா?

ஆரம்பத்தில் எனக்கும் இருந்தது. எங்கள் ஊரில் தோட்டத்துக்கு த்ரீ ஃபேஸ் கரன்ட் பல நாள் ராத்திரியில்தான் வரும். பதினொரு மணிக்கு வந்தால் அப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு மோட்டார் போடக் கிளம்புவார். மணி யாரும் கூப்பிடாமலே எழுந்து, உடம்பை ஒரு முறை உதறிவிட்டு, அவருக்கு முன்னால் வரப்பில் ஓடும். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று திரும்பிப் பார்க்கும், டார்ச் வெளிச்சத்தில் இரண்டு பச்சைக் கண் தெரியும், அப்பா பக்கத்தில் வந்ததும் மறுபடி ஓடும். அதன் ஈர வாடை, காதுக்குப் பின்னால் உண்ணி பிடுங்கும்போது அது கண்ணை மூடிக்கொள்ளும் விதம், இதெல்லாம் எந்த கேமிலும் வராது. ஸ்டார்டியூ நாய் பின்னாலேயேகூட வராது, பண்ணைக்குள் மட்டும் திரியும்.

நாயும் வளர்த்தவரும் கண்ணோடு கண் பார்த்துக்கொண்டிருந்தால் இருவர் உடலிலும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் கூடுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015இல் சயின்ஸ் இதழில் எழுதினார்கள். தாய்க்கும் குழந்தைக்கும் நடுவில் வேலை செய்யும் அதே ஹார்மோன். திரையில் இருக்கும் பொம்மைக்குத் திரும்பிப் பார்க்கிற கண் கிடையாது. அந்த இடத்தை எதுவும் நிரப்பாது, நிரப்பும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஆனால் கேமில் என் நாய்க்கும் மணி என்றுதான் பெயர். ஆங்கில எழுத்தில்தான் அடித்தேன். மணி ஊரில் செத்தபோது நான் பெங்களூரில் ஒரு மீட்டிங்கில் இருந்தேன், அம்மா சாயந்திரம்தான் சொன்னார். அதன் பிறகு தினமும் காலையில் அந்தப் பெயரைத் திரையில் பார்ப்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. வீட்டில் மாட்டிய போட்டோவை யாரும் போலி என்று சொல்வதில்லையே. அந்த மாதிரி எடுத்துக்கொள்கிறேன்.

சும்மா தடவிக்கொடுப்பதில் அப்படி என்ன இருக்கிறது?

ஒரு பட்டன் அழுத்தினால் நடக்கும் விஷயம்தான். ஆனால் கேம் ஆடுகிறவர்களுக்கு அது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு உதாரணம்: எந்த கேமில் நாயைத் தடவலாம், எதில் முடியாது என்று சொல்வதற்கென்றே 2019இல் ட்விட்டரில் ஒரு கணக்கு தொடங்கப்பட்டது. கேன் யூ பெட் த டாக் என்று பெயர். லட்சக்கணக்கானோர் பின்தொடர்ந்தார்கள். நாய் திரையில் இருந்தும் தடவ முடியவில்லை என்றால் கை சும்மா இருப்பது போலத் தோன்றும். ஆடிப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

என் பையன் ரோப்லாக்ஸில் க்ரோ எ கார்டன் ஆடுகிறான். பெட் வாங்கப் பணம் கேட்கிறான். அதுவும் இதே மாதிரிதானா?

இல்லை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ரோப்லாக்ஸ் என்பது பல கேம்களை ஆடக்கூடிய ஆன்லைன் தளம். அதில் க்ரோ எ கார்டன் என்ற தோட்ட கேம் 2025 மார்ச்சில் வந்தது. அந்த ஜூன் மாதத்தில் ஒரே நேரத்தில் 2 கோடிக்கும் மேற்பட்டோர் ஆடிய கேம். அதில் பெட் முட்டையிலிருந்து பொரிந்து வரும், எந்த முட்டையில் எது வரும் என்பது அதிர்ஷ்டம். வருகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. தும்பி பழத்தைத் தங்கமாக்கும். ரக்கூன் பக்கத்துத் தோட்டத்துப் பழத்தை நகலெடுத்து நமக்குத் தரும். அதனால் அரிதான பெட்டுக்குப் பெரிய மதிப்பு, பிள்ளைகளுக்குள் பண்டமாற்று, ரோபக்ஸ் (காசு கொடுத்து வாங்கும் ரோப்லாக்ஸ் நாணயம்) கொடுத்து முட்டை வாங்குவது என்று அது ஒரு சந்தையாகவே ஓடுகிறது.

எங்கள் மூன்றாவது மாடியில் ஐந்தாம் வகுப்பு படிக்கும் பையன் ஒரு சாயந்திரம் தன் ரக்கூனை என்னிடம் காட்டினான். அதன் வயது, எடை எல்லாம் மனப்பாடமாகச் சொன்னான். "பேர் என்னடா வெச்சிருக்க?" என்று கேட்டேன். "பேர் வெக்கல அக்கா. நல்ல ட்ரேட் வந்தா குடுத்துருவேன்" என்றான்.

எனக்கு எங்கள் பாட்டி ஞாபகம் வந்தது. பட்டியில் இருந்த ஆட்டுக்குட்டிகளுக்கு எங்களைப் பெயர் வைக்க விடமாட்டார். சந்தைக்குப் போகிறதுக்குப் பேர் எதுக்கு, அப்புறம் நீதான் அழுவ என்பார். அந்தப் பையனின் ரக்கூன் சந்தைக்குப் போகிற ஆடு. அதில் தப்பு ஒன்றும் இல்லை, வியாபாரமும் விவசாயத்தில் ஒரு பகுதிதான். ஆனால் வேலை கொடுக்கப்பட்ட நிமிடமே செல்லப்பிராணி ஒரு கருவியாகிவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். ஃபின்லாந்தின் சூப்பர்செல் கம்பெனி 2012இல் வெளியிட்ட ஹே டே என்ற விவசாய கேம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே நாய், பூனை எந்தப் பொருளையும் தராது, ஆனால் தீனி போட்டால் லெவல் ஏறுவதற்கான அனுபவப் புள்ளி தரும்.

பணத்தைப் பொறுத்தவரை: ரோப்லாக்ஸில் பெற்றோர் கட்டுப்பாட்டில் மாதச் செலவுக்கு வரம்பு வைக்கும் வசதி இருக்கிறது, முதலில் அதை வைத்துவிடுங்கள். உங்கள் கார்டு விவரம் அந்த போனில் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். முன்பின் தெரியாதவர்களோடு ட்ரேட் செய்யும்போது ஏமாறுகிற பிள்ளைகள் நிறைய, அதனால் ட்ரேட் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முறையாவது பாருங்கள். திட்டாமல் பாருங்கள், பிள்ளைகள் ரொம்ப ஆசையாக விளக்குவார்கள். ஸ்டார்டியூவில் இந்தத் தொல்லை கிடையாது, ஒரு முறை காசு கொடுத்து வாங்கினால் உள்ளே வேறு எதையும் வாங்கச் சொல்லாது.

வீட்டு ஓனர் நாய் வளர்க்க விடமாட்டேன் என்கிறார். கேமோடு திருப்திப்பட வேண்டியதுதானா?

பெங்களூரில் வீடு தேடிய எல்லோருக்கும் தெரிந்த கஷ்டம் இது. நான் பார்த்த வீடுகளில் இரண்டு, நாய் என்ற வார்த்தையிலேயே கைநழுவின. செல்லப்பிராணி வளர்ப்பதைக் குடியிருப்போர் சங்கம் தடைசெய்ய முடியாது, பெரும்பான்மை ஓட்டுப் போட்டு விதியை மாற்றினாலும் செல்லாது என்று இந்திய விலங்கு நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. ஆனால் வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஓனரின் சம்மதம் வேண்டும். அதனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கேட்டு, அக்ரிமென்ட்டில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வளர்க்க முடிகிறவர்கள் காசு கொடுத்து வாங்காமல் தத்தெடுக்கலாம். 1991இலிருந்து இங்கே இயங்கும் க்யூபா (CUPA) போன்ற விலங்கு நல அமைப்புகள் அதற்கு உதவுகின்றன. முடியாதவர்களுக்குத் தெருவிலேயே நாய்கள் இருக்கின்றன. எங்கள் தெரு முனை டீக்கடைக்குப் பக்கத்தில் ஒரு செவலை படுத்திருக்கும். வெயில் காலத்தில் அதற்கு ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைக்க ஆரம்பித்தேன். கேமில் தினமும் கிண்ணம் நிரப்பிய பழக்கம்தான் அதற்குக் காரணம் என்று உறுதியாகச் சொல்வேன்.

தமிழில் ஆட முடியுமா? நம்ம ஊர் ஆடு மாடு வருமா?

ஸ்டார்டியூ வேலி 12 மொழிகளில் இருக்கிறது, தமிழ் கிடையாது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம். உழவைப் பற்றி இத்தனை சொல் இருக்கும் மொழியில் நான் பார்த்தவரை இப்படி ஒரு உழவு கேம் இல்லை. கோம்பை, சிப்பிப்பாறை, ராஜபாளையம் நாய்களும் நான் ஆடிய எதிலும் இல்லை. 2024 நவம்பரில் வந்த ஃபார்மிங் சிமுலேட்டர் 25இல் நெல் நடவும் எருமையும் வந்திருக்கின்றன. அந்த வரிசையில் 2018இல் வந்த ஃபார்மிங் சிமுலேட்டர் 19இலேயே நாய் வந்துவிட்டது, பந்து எறிந்து விளையாடலாம். ஆனால் அது டிராக்டர் ஓட்டுகிறவர்களின் கேம், வாசலில் உட்கார்ந்து பழகுவதற்கு அது சரிப்படாது.

எவ்வளவு நேரம் ஆகும்? போனில் போதுமா?

ஸ்டார்டியூவில் ஒரு நாள் முழுவதும் ஆடினால் ஏறக்குறைய 14 நிமிடம். பையப்பனஹள்ளியில் மெட்ரோ ஏறி ஒயிட்ஃபீல்டு இறங்குவதற்குள் எனக்கு இரண்டு நாள் முடிந்துவிடும். ஆண்ட்ராய்டு, ஐஃபோன் இரண்டிலும் கிடைக்கிறது.

கேமே ஆடாத பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாமா?

தாராளமாக. போன தை மாதம் அம்மா இரண்டு வாரம் வந்து தங்கியிருந்தார். நான் ஆபீஸ் போகும்போது டேப்லெட்டில் புதிய பண்ணை ஒன்று போட்டு, நாயும் வந்து சேரும் வரை ஆடிக்கொடுத்துவிட்டுப் போனேன். சாயந்திரம் வந்து பார்த்தால் அம்மா ஒரு வாரத்து நாட்களைத் தாண்டியிருந்தார். நான் நட்டு வைத்த பாத்தி காய்ந்து கிடந்தது, அம்மா புதிதாக ஒரு விதைகூட ஊன்றவில்லை. நாயின் கிண்ணத்தில் மட்டும் தண்ணீர் இருந்தது. செடிக்கு ஏன் ஊற்றவில்லை என்றதற்கு, "நாப்பது வருசம் ஊத்தியாச்சு கண்ணு" என்றார். பிறகு, "இது ராத்திரி எங்க படுக்கும்?" என்று கேட்டார். இருட்டியதும் நாம் வீட்டுக்குள் போனால் பெரும்பாலும் அதுவும் உள்ளே வந்துவிடும் என்று சொல்லி, கேமில் நேரத்தை ஓட்டிக் காட்டினேன். வீட்டுக்குள் அது வந்து நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் என்னைக் கட்டிலில் படுத்து அந்த நாளை முடிக்க விட்டார்.